அத்தியாயம் 5: வருமானம் எவ்வளவு என்று கேட்டால்

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு எழுதப் போனால் கணினிக்குப் பின்னால் இருப்பவர் கேட்பார்: "மாச வருமானம் எவ்ளோம்மா போடட்டும்?" நம் ஜவ்வாது மலையில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நீங்களே பாத்துப் போடுங்கண்ணா" என்பதுதான். அவரும் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிடுவார். பிள்ளையின் கல்வி உதவித்தொகை, மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். யாருடைய வருமானம், எதிலிருந்து வந்த வருமானம் என்று இரண்டு பேருமே பேசியிருக்க மாட்டார்கள்.

அதே குடும்பத்தின் சாமையை வாங்கிய வியாபாரி, "இந்த வருசம் இவங்களுக்கு நல்ல வருமானம்" என்பார். தான் எண்ணிக் கொடுத்த நோட்டை நினைத்து அவர் சொல்கிறார். சுய உதவிக் குழுக் கடனுக்கு வந்த வங்கி அதிகாரி வருமானம் என்று கேட்டால், தவணை கட்ட மாதாமாதம் கையில் என்ன நிற்கும் என்று பொருள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆடிட்டர் வாசிக்கும் 'மொத்த வருமானம்' இன்னொரு வகை. விற்ற தொகை முழுவதும், கூடவே வங்கி வட்டியும் அதில் அடங்கும். செலவு எதுவும் கழிந்திருக்காது. நால்வரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லை நாலு அளவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அத்தியாயம் குழுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், வீட்டு விண்ணப்பங்களை நிரப்பும் படித்த பிள்ளைகளுக்கும், உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர்களுக்கும் எழுதியது. கேட்டதும் எண்ணைச் சொல்லாமல் "எந்த வருமானம்?" என்று திருப்பிக் கேட்கப் பழகுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அரசாங்கமே இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது, பின்னால் வருகிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வரவு என்பது கைக்குள் வரும் எந்தக் காசும்: கடன், முன்பணம், சந்தா, பெங்களூருவிலிருந்து மகன் அனுப்பியது எல்லாம் வரவு. விற்றுமுதல் என்பது விற்ற சரக்கின் மொத்தத் தொகை. வருமானம் என்பது உழைத்ததற்கோ விளைந்ததற்கோ விற்றதற்கோ நமக்கே சொந்தமாக வந்தது, திருப்பித் தர வேண்டாதது. அதற்கு ஆன செலவைக் கழித்தால் நிற்பது லாபம். மலையில் அதை மிச்சம் என்றே சொல்வோம், "என்ன மிஞ்சுச்சு?" என்ற கேள்வி "என்ன லாபம்?" என்பதைவிடச் சரியான கேள்வி என்பது என் எண்ணம். ஆதாயம், வருவாய் என்றும் சொற்கள் உண்டு. வருவாய் ஆய்வாளர், வருவாய் கிராமம் என்னும்போது அது சர்க்காருக்கு வரும் வருவாய். உங்கள் வருமானத்துக்குச் சான்று தரும் துறையின் பெயரில் இருப்பது உங்கள் வருமானம் இல்லை. வரும்படி என்ற சொல்லை மட்டும் விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். பழைய சொல்தான், நல்ல சொல்தான். ஆனால் சம்பளத்துக்கு மேலே வாங்குவதற்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு ஏக்கர் சாமை

கணக்கைச் சாமையிலேயே போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கொல்லையின் விளைச்சலையும் அந்த ஆண்டின் விலையையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக் கூலி மட்டும் உண்மையானது: 2025-26 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நாளைக்கு 336 ரூபாய்.

மானாவாரி ஒரு ஏக்கரில் நூறு கிலோ மூட்டையாக நாலு மூட்டை கண்டதாக வையுங்கள். ஒரு மூட்டையை வீட்டுக்கும் விதைக்கும் நிறுத்திக்கொண்டு, மூன்று மூட்டையைக் கிலோ 40 ரூபாய்க்கு வியாபாரிக்குப் போட்டாயிற்று.

விற்ற தொகை: 12,000
உழவு: 2,400
களை எடுக்க வைத்த ஆள் கூலி: 1,800
அறுப்புக்கு வைத்த ஆள் கூலி: 1,500
சாக்கு, ஏற்றுக் கூலி: 600
கையில் நின்றது: 5,700

பெரும்பாலான நோட்டுகள் இங்கே முடிந்துவிடும். இரண்டு இனம் விட்டுப்போயிற்று. வீட்டில் நிறுத்திய மூட்டைக்கும் விலை உண்டு. கடையில் வாங்கியிருந்தால் காசு போயிருக்கும். அதை அதே 40 ரூபாய் விலைக்கே வைத்தால் 4,000. ஆக, நிலம் கொடுத்தது 16,000. ஆள் கூலி, உழவு என்று கையை விட்டுப் போன 6,300 ஐக் கழித்தால் 9,700. இது அந்தக் கொல்லையிலிருந்து குடும்பத்துக்குக் கிடைத்த வருமானம்.

இரண்டாவது, வீட்டார் உழைப்பு. கணவனும் மனைவியும் சேர்ந்து இருபது ஆள் நாள் அந்த ஏக்கரில் பாடுபட்டிருந்தால், 336 ரூபாய் வீதம் 6,720. அதையும் கழித்தால் மிச்சம் 2,980. விவசாயம் என்ற தொழில் கொடுத்த லாபம் அவ்வளவுதான்.

ஒரே கொல்லை, ஒரே பருவம்: 12,000, 5,700, 9,700, 2,980 என்று நாலு எண். வியாபாரி முதல் எண்ணைச் சொல்வார், வீட்டில் இரண்டாவதைச் சொல்வார்கள். வீட்டு உழைப்பின் 6,720 ரூபாயைக் கவனியுங்கள். லாபக் கணக்கில் அது செலவு. குடும்ப வருமானக் கணக்கில் அது வரவேண்டிய கூலி, கழிக்கக் கூடாது. லாபமும் வருமானமும் பிரிகிற இடம் இதுதான். லாபமே வராத ஆண்டிலும் குடும்பத்துக்கு வருமானம் இருக்கலாம். அதை வைத்துத்தான் மலை இவ்வளவு காலம் சாமை போட்டு வருகிறது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அதைச் சொல்லியே கணக்கு எழுதாமல் விட்ட தலைமுறைகள் உண்டு. எனக்கு அந்தப் பழமொழியோடு சண்டை. உழக்கு மிஞ்சவில்லை என்பதைக் கணக்குப் பார்த்தவனால்தானே சொல்ல முடிந்தது? எழுதி வைத்திருந்தால் களைக் கூலியில் போயிற்றா, விலையில் போயிற்றா என்று காட்டலாம். எழுதாவிட்டால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அரசாங்கத்தின் இரண்டு பதில் என்று சொன்னேன். வேளாண் குடும்பங்களின் நிலை பற்றி 2018-19 விவசாய ஆண்டுக்கு மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த 77 ஆவது சுற்று ஆய்வில், நாட்டில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். கையை விட்டுப் போன செலவை மட்டும் கழித்தால் வரும் எண் அது. வீட்டு உழைப்பு, வீட்டு விதை போன்றவற்றுக்கும் விலை வைத்துக் கழித்தால் அதே ஆய்வில் அதே குடும்பத்துக்கு 8,337. செய்தித்தாளில் முதல் எண்தான் பெரிதாக வந்தது. ஆதரவு விலைக்குச் செலவு கணக்கிடும் விலை ஆணையமும் இப்படித்தான் பிரிக்கிறது. ஏ2 என்றால் கைச்செலவு. அதோடு வீட்டு உழைப்பைச் சேர்த்தால் இன்னொரு படி. சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. செலவுக்கு மேல் பாதி கூட்டி விலை என்று மத்திய அரசு சொல்வது இரண்டாவது படியில். விவசாயச் சங்கங்கள் கேட்பது சி2 மேல். நம் மலைக்கு இந்தச் சண்டை கொஞ்சம் தூரத்துச் சண்டைதான். கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு. சாமைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே நம் செலவை நாமே எழுதி வைத்தால்தான் விலை பேச ஒரு பிடி கிடைக்கும்.

40 ரூபாய்ச் சாமை 90 ரூபாய் அரிசியானால்

"தானியமா வித்தா நாப்பது, அரிசியாக்கினா தொண்ணூறு, கிலோவுக்கு அம்பது லாபம்" என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். மதிப்புக் கூட்டல் என்ற பெயரில் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. பேனா எடுத்து எழுதினால் கதை வேறு.

விற்ற அதே 300 கிலோவை அரைக்கிறோம். சாமையில் உமி அதிகம். நூறு கிலோ தானியத்துக்கு அறுபது கிலோ அரிசி வந்தால் 180 கிலோ. கிலோ 90 வீதம் 16,200. அரைவைக் கூலி தானியத்துக்குக் கிலோ 5 ரூபாய் வைத்தால் 1,500. பை, ஒட்டுச்சீட்டு கிலோவுக்கு 4 வீதம் 720. போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ கொண்டுபோக 600. மீதி 13,380. தானியமாகவே விற்றிருந்தால் 12,000. கூடுதலாக வந்தது 1,380 ரூபாய். புடைக்க, கல் பொறுக்க, பை போட, பஸ்ஸில் போய் வர மூன்று ஆள் நாள் ஆனால் 1,008. மிச்சம் 372.

கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்ற லாபம் எங்கே போயிற்று? நூறு கிலோவில் நாற்பது கிலோ உமியாகவும் தவிடாகவும் குருணையாகவும் போயிற்று. அரைவையில் அறுபதுக்குப் பதில் அறுபத்தைந்து கிலோ கிடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 195 கிலோ, 17,550 ரூபாய், பை செலவு 780 ஆகும், மற்றவை அப்படியே. மீதி 14,670. தானிய விலையைவிட 2,670 கூடுதல், ஆள் நாளைக் கழித்தால் 1,662. ஐந்து கிலோ வித்தியாசத்தில் மிச்சம் நாலு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. நன்றாகக் காயாத தானியத்தைக் கொட்டுவது, மிஷின்காரர் எவ்வளவு அரிசி கண்டது என்று எடை போடாமலே மூட்டை கட்டுவது, இவை இரண்டும்தான் லாபத்தைத் தின்கிற இடங்கள். போகும்போது தானிய எடை, வரும்போது அரிசி எடை, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். விலை பேசத் தெரிந்தவரைவிட இதை விடாமல் எழுதுகிறவர் குழுவுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுப்பார். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்தது. விதைக்கு மட்டுமின்றி அரைவை பற்றிய சந்தேகத்துக்கும் அங்கே போகலாம்.

ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் கடை போடுகிற குழுக்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது: சதவீதம். சாமை முறுக்குப் பொட்டலம் அடக்கம் 80 ரூபாய், விலை 100. "இருபத்தஞ்சு சதம் லாபம்" என்று சொல்லிக்கொள்கிறோம். 80 மேல் 20 என்பதால் அது சரிதான். விழா முடிந்து திருப்பத்தூர்க் கடைக்காரர் வருகிறார்: "நூறு ரூபா விலையில எனக்கு இருபது சதம் கழிவு குடுங்க." இருபத்தைந்தில் இருபது போனால் ஐந்து நிற்கும் என்று தலையாட்டிவிடுகிறோம். அவர் கேட்ட இருபது சதம் நூறு மேல், கொடுப்பது 80. அடக்கமும் 80. ஒன்றும் நிற்காது. நாம் சொல்லும் சதம் அடக்கத்தின் மேல், கடைக்காரர் சொல்லும் சதம் விற்கும் விலையின் மேல். சதத்தில் பேச வந்தால் ரூபாயில் பேசச் சொல்லுங்கள்.

வந்ததெல்லாம் வருமானம் ஆகாது

குழுவின் ரொக்கப் பதிவேட்டில் இடது பக்கம் வரவு. வங்கிக் கடன் ஒரு லட்சம் வந்த மாதம் அந்தப் பக்கம் நிரம்பி வழியும். மாதாந்திர அறிக்கையில் அதையும் கூட்டி 'வருமானம்' என்று எழுதிய நோட்டுகள் நம் மலையில் குறைவில்லை. கடன் வரவு, அதன் வட்டி செலவு, அசல் திரும்பப் போவது செலவுகூட இல்லை. உறுப்பினர் சேமிப்பும் குழுவின் வருமானம் ஆகாது, அது உறுப்பினருக்குக் குழு பட்ட கடன். உள்கடனுக்கு வந்த வட்டிதான் குழுவின் வருமானம்.

இதே குழப்பம் புளியில் விலையாகவே வந்து விழுகிறது. ஐப்பசியில் கை காய்ந்திருக்கும்போது வியாபாரி 3,000 ரூபாய் முன்பணம் தருகிறார். பங்குனியில் கிலோ 25 வீதம் புளியாகத் தந்துவிட வேண்டும். வீட்டில் அதை வருமானம் என்று நினைத்துச் செலவழிக்கிறோம். பங்குனியில் 120 கிலோ புளி அளந்து போகிறது. சிறுவனப் பொருட்களுக்கு மத்திய அரசு 2020 இல் திருத்திய ஆதரவு விலையில் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய், காட்டுத் தேனுக்கு 225. அந்த 36 ஐயே வைத்துக்கொண்டாலும் 120 கிலோவின் விலை 4,320. வித்தியாசம் 1,320 ரூபாய். ஐந்து மாதத்துக்கு மூவாயிரத்துக்குக் கட்டிய வட்டி அது. குழுவில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்திருந்தால் 300. முன்பணம் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டிய மாதத்தில் புத்தி சொல்வது சுலபம். ஆனால் நோட்டில் அதைக் கடன் பக்கத்தில் எழுதுங்கள். புளி போகும்போது அன்றைய விலையை வருமானத்திலும், வித்தியாசத்தை வட்டியிலும் எழுதுங்கள். இரண்டு வருடம் எழுதினால் மூன்றாம் வருடம் ஐப்பசிக்கென்று குழுவில் தனியாகப் பணம் நிறுத்தி வைக்கத் தோன்றும்.

இந்தக் காய்ந்த மாதங்களில்தான் "ஒரு வாரத்துல இவ்ளோ வருமானம்" என்று செம்மரம் வெட்ட ஆள்பிடிக்கத் தரகர்கள் வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். என்ன மரம், யார் காடு என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லும் வேலையைப் பற்றி இந்த நூலில் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சான்றுக்கு எந்த எண்

வருமானச் சான்றில் கேட்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம். சாமைக்கு மேலே போட்ட கணக்கில் மூன்றாவது எண்: வீட்டுக்கு நிறுத்தியதையும் சேர்த்து, கைச்செலவை மட்டும் கழித்த 9,700. சொந்த உழைப்பைக் கழிக்க வேண்டாம். அதோடு தேன், புளி, பால், கூலி வேலை, நூறு நாள் வேலை, வெளியூர் போயிருப்பவர் குடும்பத்துக்குச் சம்பாதிப்பது எல்லாம் சேரும். கடனும் முன்பணமும் சேராது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்கும்போது ஒரு பக்கம் எழுதிய தாளைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். மலை மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது: ஜமுனாமரத்தூர் பக்கத்தார் திருவண்ணாமலை மாவட்டம், புதூர்நாடு திருப்பத்தூர், பீஞ்சமந்தை வேலூர். பக்கத்து ஊர்க்காரர் போன தாலுகா ஆபீஸ் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எண் ஏன் முக்கியம் என்றால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். முன்பு 72,000 ஆக இருந்தது. பழைய சான்றுகளில் 72,000 என்ற எண் இவ்வளவு அடிக்கடி தென்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பழங்குடி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று தொடங்கும்போதே வகுத்தார்கள். ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்குள் என்று நில வரம்பும் உண்டு. சாமையும் புளியும் நம்பிய குடும்பம் உண்மையான கணக்கைச் சொன்னாலே பெரும்பாலும் இந்தக் கோடுகளுக்குள்தான் நிற்கும். குறைத்துச் சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் குறைத்துச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் வங்கியில் அதிகமாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். பயிர்க் கடனுக்கு வங்கி வருமானச் சான்றைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு மாவட்டம் நிர்ணயித்த கடன் அளவு என்ன என்றுதான் பெருக்குவார்கள். கையில் நிற்கும் காசைக் கேட்பது குழுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும். அங்கே 5,700 போன்ற எண்ணைச் சொல்லுங்கள், 12,000 ஐ இல்லை.

வருமான வரியைப் பற்றிச் சுருக்கமாக. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அரசு வேலையில் இருக்கும் பிள்ளைக்கு ஊரில் நிலமும் இருந்து, வேளாண் வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளத்துக்கு வரி விகிதம் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் மறைக்காமல் காட்ட வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோகும் நிலைக்கு உழவர் வழக்கமாகச் செய்யும் வேலை வரைக்கும்தான் விவசாயம். சாமையை முறுக்காகவும் சத்துமாவாகவும் ஆக்கி விற்றால் அது வியாபார வருமானம். காட்டில் எடுத்த தேன், யாரும் உழுது விதைக்காததால், விவசாய வருமானத்தில் சேராது. சேராவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. 2025-26 முதல் புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி வராது. "பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லை" என்று மலையில் ஒரு பேச்சு உலவுகிறது. அந்தச் சலுகை வடகிழக்கு மாநிலங்களிலும் லடாக்கிலும் குறிப்பிட்ட பகுதிகளில் வாழ்பவர்களுக்கு, நமக்கு இல்லை. ஜிஎஸ்டி கேட்பது வருமானத்தையும் இல்லை, லாபத்தையும் இல்லை, விற்றுமுதலை. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம்.

நிறுவனத்தின் லாபம் யாருடையது

ஒரு குடும்பத்துக்குப் போட்ட கணக்கு, பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வரும்போது புரண்டுகொள்கிறது. பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு சொன்ன யோசனைப்படி, கூட்டுறவுச் சங்கத்தின் குணமும் கம்பெனியின் உடலும் கொண்டதாக இந்த வகை நிறுவனத்தைக் கம்பெனிச் சட்டத்தில் 2003 இல் கொண்டுவந்தார்கள். 2020 இல் தொடங்கிய பத்தாயிரம் நிறுவனத் திட்டத்தில் சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும்; மலைப் பகுதிக்கு 100 போதும்.

ஆண்டுக் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "பங்கு போட்டு மூணு வருசமாச்சு, லாபம் எப்ப தருவீங்க?" கேட்பவர் மனதில் இருப்பது பங்குத்தொகைக்கு வட்டி போல ஒன்று. சட்டம் வேறு வழியில் போகிறது. உறுப்பினர் சரக்கு போடும்போது இயக்குநர் குழு தீர்மானித்த விலையைத் தருவார்கள். அதில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துப் பிறகு காசாகவோ சரக்காகவோ பங்காகவோ தரலாம். பங்குத்தொகைக்குத் தருவதற்கு உச்சவரம்பு உண்டு. பணக்காரர் ஒருவர் நிறையப் பங்கு வாங்கி லாபத்தை அள்ளிப் போக முடியாது. காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகும் மிஞ்சினால், அதை அந்த ஆண்டு யார் எவ்வளவு சரக்கு போட்டார்களோ அந்த விகிதத்தில் ஊக்கத்தொகையாகப் பிரித்துத் தரலாம். ஆயிரம் ரூபாய்ப் பங்கு வைத்து ஐந்து மூட்டை சாமை போட்டவருக்கும், அதே ஆயிரம் வைத்து ஒரு மூட்டையும் போடாதவருக்கும் கிடைப்பது ஒன்றாக இருக்காது. இருக்கவும் கூடாது.

இதனால் ஒரு வினோதம் உண்டு. வியாபாரி 38 தரும் நாளில் நிறுவனம் 40 தந்தால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் லாபத்தை உறுப்பினர் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார். நூறு டன் வாங்கினால் அது இரண்டு லட்சம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் அறிக்கையில் லாபம் இருபதாயிரம் என்று இருக்கும். கூட்டத்தில் முணுமுணுப்பு எழும். மாறாக, 36 க்கு வாங்கிப் பெரிய லாபம் காட்டும் நிறுவனத்துக்குக் கைதட்டுவார்கள், தங்கள் சட்டைப் பையிலிருந்து போனது தெரியாமல். தனியார் கடையின் லாபத்தை அளக்கும் கோலால் இதை அளக்கக் கூடாது. உறுப்பினராக நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று வரி: அறுவடை மாதத்தில் வியாபாரி விலையைவிட நிறுவனம் கூடுதலாகத் தந்தது எவ்வளவு, எத்தனை நாளில் பணம் வந்தது, நிறுத்தி வைத்த தொகை எங்கே இருக்கிறது. அரசு தந்த பங்கு மானியத்தை லாபத்தோடு சேர்த்துப் பேசினால் எழுந்து நின்று தடுங்கள். அது முதல், பிரித்துக்கொள்வதற்கு வந்ததில்லை.

கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் சரக்கு ரசீதுகளை எடுத்துப் போங்கள். ஊக்கத்தொகை பிரிக்கிற ஆண்டில் உங்கள் பங்கைத் தீர்மானிப்பது பங்குச் சான்றிதழைவிட அந்த ரசீதுகள்தான். மூட்டை எடை, ஈரப்பதத்துக்குக் கழித்தது, விலை, தேதி, நான்கும் அதில் இருக்கிறதா என்று களத்திலேயே, மூட்டை வண்டி ஏறுவதற்கு முன், பார்த்துவிடுங்கள்.